பழைய கதவு, பேலட், இரும்புக் கட்டில்: கையில் கிடைத்ததை வைத்து ஒரு பட்டறையை நிரப்புவது எப்படி?

கேள்வி இதுதான்: "சின்னதாக ஒரு மரவேலைப் பட்டறை தொடங்கப் போகிறேன். கழற்றிப் போட்ட கதவு ஒன்று, நான்கைந்து பேலட்டுகள் (சரக்கு அடுக்கும் மரத்தட்டுகள்), ஓர் இரும்புக் கட்டில், அலுவலகத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய ஃபைல் கேபினெட் எல்லாம் கையில் இருக்கின்றன. இவற்றை வைத்தே மேசை, அலமாரி, கருவி மாட்டும் ரேக் எல்லாம் செய்ய முடியுமா? மேசை ஆடாமல் நிற்குமா? பேலட் மரத்தில் விஷ மருந்து இருக்கும் என்கிறார்களே, உண்மையா?"

முடியும். பசை, போல்ட், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் ஒரு நல்ல வைஸ், இவற்றை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பழைய பொருளிலேயே ஆகிவிடும். கூடத்தில் போடும் சாமானுக்கு வழவழப்பும் ஒரே நிறமும் வேண்டும். பட்டறைச் சாமானுக்கு வேண்டியது கனமும் இறுக்கமும்தான், அவை பழைய மரத்தில் தாராளமாக உண்டு. பல வருடம் கூரைக்குக் கீழே இருந்த மரம் நன்றாகக் காய்ந்து, வளைய வேண்டியதெல்லாம் பெரும்பாலும் வளைந்து முடித்திருக்கும். அப்புறம், அதில் ஒரு துளை போடவோ ஆணி அடிக்கவோ கை தயங்காது. பட்டறை மேசைக்கு அந்தத் தயக்கமின்மை ரொம்ப முக்கியம்.

ஆனால் ஒரு விஷயத்தில் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். புது மரத்தில் வேலை செய்யும்போது முதலில் படம் வரைவோம், அளவு எழுதுவோம், பிறகு மரம் வாங்குவோம். பழைய பொருளில் இந்த வரிசையே தலைகீழ். இருப்பதை எல்லாம் தரையில் பரப்பி, ஒவ்வொரு துண்டிலும் உளுத்தது, வெடித்தது, துளை விழுந்தது எல்லாம் போக எவ்வளவு நல்ல மரம் மிஞ்சுகிறது என்று அளந்து சாக்பீஸால் அதிலேயே எழுதுங்கள். பருமன் வாரியாகக் குவியல் பிரியுங்கள். அதற்குப் பிறகுதான் படம். எங்கோ பார்த்த ஒரு வரைபடத்துக்காக நல்ல இரண்டு மீட்டர் கதவை ஒன்றரை மீட்டராக அறுப்பதும், இருபத்திரண்டு மில்லிமீட்டர் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் கனமான மேற்பலகை ஆக்குவதும் வீண் உழைப்பு. கதவு எவ்வளவு நீளமோ அதுதான் உங்கள் மேசையின் நீளம். முன்கால்கள் இரண்டும் ஒரே பருமனாக, பின்கால்கள் இரண்டும் ஒரே பருமனாக இருந்தால் போதும். நான்கும் ஒன்றுபோல இருக்க வேண்டியதே இல்லை.

பேலட் பயத்துக்கு வருகிறேன். நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் பூச்சிகள் ஒளிந்துகொண்டு பரவாமல் இருக்க, ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி 2002-இல் ஏற்கப்பட்டது. அதன்படி பதப்படுத்திய மரத்தில் கோதுமைக் கதிர் போல ஒரு சின்னமும் அதன் பக்கத்தில் சில எழுத்துகளும் முத்திரையாக இருக்கும். எச்.டி. என்று இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது: மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடேற்றி, தொடர்ந்து 30 நிமிடம் வைத்திருந்திருப்பார்கள். இதில் மருந்து எதுவும் இல்லை. எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகையூட்டியது. எச்.டி. பேலட் எளிதாகக் கிடைக்கும்போது எம்.பி. பேலட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, ஒதுக்கிவிடுங்கள். முத்திரையே இல்லாதது பெரும்பாலும் உள்நாட்டுக்குள் மட்டும் சுற்றியதாக இருக்கும். அது தானாகக் கெட்டது ஆகிவிடாது.

உண்மையில் நான் அதிகம் பயப்படுவது முத்திரையைப் பற்றி அல்ல, அந்த பேலட்டின் மேல் என்ன சிந்தியது என்பதைப் பற்றித்தான். எண்ணெய்க் கறை, விசித்திரமான நிறம், மூக்கைத் துளைக்கும் வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு நல்ல மரமானாலும் வேண்டாம். இழைத்தால் அந்த ரசாயனம் தூளாகி மூச்சில்தான் போகும். இன்னொன்று, முழுவதும் ஒரே அழுத்தமான நிறம் பூசி நிறுவனத்தின் பெயர் போட்ட பேலட்டுகள் பல இடங்களில் வாடகைக்கு விடப்படுபவை. அவை கிடங்கு வாசலில் கேட்பாரற்றுக் கிடந்தாலும் அந்த நிறுவனத்தின் சொத்துதான், கேட்காமல் எடுக்கக் கூடாது.

வேறு சில பொருட்களையும் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். தண்டவாளத்தில் கிடந்த பழைய மரக்கட்டைகளில் பல, கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெயில் ஊறியவை. மூடிய அறைக்குள் அவை வேண்டவே வேண்டாம். பச்சை சாயல் கொண்ட பழைய வேலி மரம், வெளித்தள மரம் இவற்றில் ஆர்செனிக் சேர்ந்த மருந்து ஏற்றியிருக்கலாம். அதை அறுக்கவும் கூடாது, துண்டை எரிக்கவும் கூடாது. பழைய சிமென்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால் உடைப்பதோ துளையிடுவதோ வேண்டாம். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத இரும்பு டிரம்மை ஒருபோதும் கிரைண்டரால் வெட்டாதீர்கள். காலியாகத் தெரிந்தாலும் மிச்சமிருக்கும் ஆவி தீப்பொறி பட்டால் வெடிக்கும், அதில் உயிரே போயிருக்கிறது. உங்கள் கதவில் பழைய பெயின்ட் பூச்சு இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்காவில் வீட்டு பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-இல்தான். சோதிக்கும் குச்சிகள் விற்கின்றன. சந்தேகம் இருந்தால் அதை உலர்வாக உப்புத்தாளால் தேய்க்காமல், தீயால் சுடாமல், பூச்சு நீக்கும் திரவத்தால் எடுங்கள். அதுவும் வேண்டாமென்றால் மேலே ஒரு பிளைவுட்டை ஒட்டி மூடிவிடலாம்.

பூச்சிக்கு ஓர் எளிய சோதனை: சிறு துளைகள் தெரியும் துண்டைக் கறுப்புத் தாள் மேல் வைத்து, தட்டிச் சுத்தம் செய்துவிட்டு, சில வாரம் விட்டுப் பாருங்கள். தாளில் புதிதாக மாவு போன்ற தூள் விழுந்திருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். வெப்பத்தில் பதப்படுத்திய பேலட்டும் இதற்கு விலக்கல்ல, பிறகு வந்து ஏறும் பூச்சியை அந்தச் சூடு தடுக்காது. அது காய்ந்த மரம் என்பதற்கும் அந்த முத்திரை உத்தரவாதம் இல்லை. வெளியே மழையில் கிடந்த எதையும் பட்டறைக்குள் இடைவெளி விட்டு அடுக்கி, ஓரிரு மாதமாவது காற்றாட விட்டுப் பிறகு தொடுங்கள்.

அடுத்து ஆணி. இந்த வேலையில் பொறுமை தேவைப்படும் இடம் இதுதான், பலர் மனம் வெறுத்துப்போவதும் இங்கேதான். பேலட்டில் அடிப்பது வரி வரியாகவோ முறுக்காகவோ உள்ள ஆணி. பிடுங்க வராமல் இருப்பதற்காகவே செய்தது. கடப்பாரையால் நெம்பினால் ஆணி அசையாது, பலகையின் முனைதான் பிளக்கும். அதனால் நெம்பாதீர்கள், அறுங்கள். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே இரும்பு அறுக்கும் பிளேடை நுழைத்து ஆணியின் உடலை வெட்டிவிட்டால் பலகை முழுசாகக் கையில் வரும். தலைப்பகுதி பலகையிலேயே தங்கும். பின்பக்கம் இருந்து ஒரு மழுங்கிய கம்பியால் தட்டினால் வெளியே வந்துவிடும். கட்டட மரத்தில் வேறு வழி: முதலில் ஆணியின் கூர்முனைப் பக்கம் இருந்து தட்டித் தலையை மேலே எழுப்பி, சுத்தியலின் பிளவை மாட்டி, சுத்தியலுக்கு அடியில் ஒரு மெல்லிய கட்டையைக் கொடுத்து நெம்புங்கள். மரத்தில் பள்ளம் விழாது, ஆணியும் நேராக வரும்.

எல்லாம் எடுத்துவிட்டோம் என்று நினைக்கும்போது ஒரு வலுவான காந்தத்தை நூலில் கட்டி, மரத்தின் மேல் மெதுவாக ஓட்டுங்கள். முறிந்து உள்ளே புதைந்த ஆணி இருந்தால் காந்தம் அந்த இடத்தில் இழுபடும். எடுக்க முடியாவிட்டால் வட்டம் போட்டுக்கொண்டு அந்த இடத்தை அறுக்காமல் விடலாம். ஆணியைவிட அதிகமாகப் பிளேடை மழுக்குவது மண்ணும் சிமென்ட்டும்தான். கம்பி பிரஷால் நன்றாகத் தேய்த்துவிட்டு, மேல்தோலை மட்டும் ஒரு பழைய பிளேடால் எடுங்கள். இரண்டு முனைகளிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டரை யோசிக்காமல் அறுத்து எறியுங்கள், மண்ணும் நுண்விரிசலும் குடியிருக்கும் இடம் அதுதான். கண்ணாடி, கையுறை, என்95 தர முகமூடி மூன்றும் இந்தக் கட்டத்தில் கட்டாயம். கையுறையை மட்டும் சுழலும் இயந்திரத்தின் முன்னால் கழற்றிவிடுங்கள். துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

முதலில் செய்ய வேண்டியது மேசைதான். அது இருந்தால்தான் மற்றதை எல்லாம் அதன் மேல் வைத்துச் செய்ய முடியும். செருப்போ ஷூவோ, வேலையின்போது போடுவதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். தரையிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை உள்ள உயரம் பொதுவான வேலைக்குச் சரியாக இருக்கும். பலருக்கு அது 85 முதல் 90 சென்டிமீட்டருக்குள் வரும். இழைப்புளி வேலை அதிகமென்றால் விரல் முட்டி வரை இறக்கலாம், உடம்பின் எடை கருவி மேல் இறங்கும்.

கதவை மேற்பலகை ஆக்கும் முன்னால் அது எந்த வகை என்று பாருங்கள். விரலால் தட்டினால் டொம் என்று கேட்டு, தூக்கினால் இலேசாக இருந்தால் உள்ளே வெறும் அட்டைக் கூடு. ஒட்டும் வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் ஏற்ற தட்டையான மேசையாக அது நன்றாக உழைக்கும், ஆனால் சுத்தியலையோ வைஸையோ தாங்காது. உள்ளே கட்டை நிரப்பிய கதவு என்றால் 35 முதல் 45 மில்லிமீட்டர் பருமன் இருக்கும், நல்ல மேற்பலகை. வேலை நடக்கும் முன்பக்கத்து விளிம்புக்கு அடியில் மட்டும் ஒரு கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டிப் பலப்படுத்துங்கள். செங்குத்தாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: 40க்கு 90 மில்லிமீட்டர் கட்டையைப் படுக்கப் போடுவதைவிட நிறுத்தி வைத்தால் வளைவை எதிர்க்கும் பலம் ஐந்து மடங்கு கூடும். அதே மரம், ஒரு கிராம்கூட அதிகம் இல்லை. பூட்டுத் துளை இருக்கும் ஓரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

சட்டமும் மெல்லிய பலகையுமாகச் செய்த பேனல் கதவு என்றால் அதை மேற்பலகையாக்காதீர்கள். மேடு பள்ளத்தில் எதுவும் நிற்காது. அதைப் பிரித்தால் கிடைக்கும் நெடுஞ்சட்டங்கள் நேரான, கணு குறைந்த, நன்றாகக் காய்ந்த மரம். காலுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் அதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம்.

இனி, ஆடாமல் நிற்பது. நான்கு கால், நான்கு சட்டம், மூலைக்கு இரண்டு ஸ்க்ரூ என்று செய்த மேசை முதல் மாதம் கல் மாதிரி நிற்கும். பிறகு இழைப்புளியை ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அந்த ஸ்க்ரூ முன்னும் பின்னும் அசைந்து தன் துளையை நீள்வட்டமாக்கிவிடும். நாற்கரம் என்பது தானாகச் சாய்ந்துபோகும் வடிவம். சாயாத வடிவம் முக்கோணம்தான். மேசையின் பின்பக்கம் கால்களுக்கு நடுவே 12 மில்லிமீட்டர் பழைய பிளைவுட் ஒன்றை ஒட்டி ஸ்க்ரூ அடித்தால் அது கணக்கில்லாத முக்கோணங்களுக்குச் சமம், நீளவாட்டு ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். இரண்டு பக்கவாட்டிலும் சின்னதாக அதையே செய்யுங்கள். பிளைவுட் இல்லாவிட்டால் சாய்வாக ஒரு முட்டுக் கட்டை.

இரண்டாவது விதி, எடை மரத்தின் மேல் உட்கார வேண்டும், ஸ்க்ரூவில் தொங்கக் கூடாது. உளி வேலையில் பழக்கமில்லாதவருக்கும் இதற்கு அருமையான வழி உண்டு. காலை ஒற்றைக் கட்டையாகச் செய்யாமல், இரண்டு கட்டைகளை ஒட்டிச் செய்யுங்கள். உள்பக்கத் துண்டைக் குறுக்குச் சட்டத்தின் அகலம் அளவுக்குக் குட்டையாக வெட்டினால், சட்டம் அந்தப் படியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று அடுக்காக ஒட்டி, நடு அடுக்கில் ஓர் இடைவெளி விட்டால் துளையே தயார். சட்டத்தின் முனையை அதில் நுழைத்துவிடலாம். சிறு துண்டுகளே அதிகம் கிடைக்கும் பழைய மரத்துக்கு இந்த முறை அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். நீளச் சட்டங்களைக் காலோடு சேர்க்கும் இடத்தில் பசை வேண்டாம், பெரிய வாஷரோடு போல்ட் போடுங்கள். பருவம் மாறி மரம் சுருங்கித் தளர்ந்தால் ஸ்பானர் வைத்து ஒரு திருகு திருகினால் போதும், இடம் மாறும்போது கழற்றியும் கொண்டுபோகலாம். கீழ்ச் சட்டத்தைத் தரையிலிருந்து பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் மேலே வையுங்கள், கால் விரலும் துடைப்பமும் உள்ளே போகும்.

பசை ஒட்டும் இடத்தில் பழைய வார்னிஷ், எண்ணெய், அழுக்கு எதுவும் இருக்கக் கூடாது. இழைத்துப் புது மரம் தெரிந்த அதே நாளில் ஒட்டுங்கள். துண்டுகளை ஒட்டித் திட மரத்தில் மேற்பலகை செய்வதானால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: மரம் அகலவாக்கில் பருவத்துக்குப் பருவம் சில மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. முன்விளிம்பை மட்டும் இறுக்கிவிட்டு, பின்பக்கத்துப் போல்ட் துளைகளைச் சற்று நீளமாகப் போடுங்கள். 1.8 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 75 மில்லிமீட்டர் பருமனில் பைன் மரப் பலகை ஒன்று ஏறக்குறைய 40 கிலோ வரும். அந்தக் கனம் உங்களுக்குச் சாதகம்தான். கதவு வகை இலேசாக இருந்தால் கீழ்ச் சட்டத்தின் மேல் ஒரு தட்டு போட்டு, கனமான கருவிகளை அங்கே அடுக்கி விடுங்கள்.

இரும்புக் கட்டிலைப் பார்த்ததும் வெட்டத் தோன்றும். கொஞ்சம் நில்லுங்கள். அதன் தலைமாட்டுச் சட்டமும் கால்மாட்டுச் சட்டமும் ஏற்கெனவே வெல்டிங் செய்த, சாயாத இரண்டு சட்டகங்கள். அவற்றை அப்படியே இரண்டாவது மேசையின் இரு பக்கக் கால்களாக நிறுத்தி, உயரத்துக்கு மட்டும் வெட்டி, நீளவாக்கில் மரச் சட்டம் கொடுத்து போல்ட் போட்டால் பாதி வேலை முடிந்தது. குழாயாக இருந்தால், போல்ட் போகும் இடத்தில் உள்ளே ஒரு மரக்குச்சியை இறுக்கமாகச் செருகுங்கள், இறுக்கும்போது குழாய் நசுங்காது. சில பழைய கட்டில்களின் ஆங்கிள் மிகக் கடினமான எஃகு. டிரில் பிட் சுற்றிச் சுற்றித் தேயும். வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இறக்குங்கள். துத்தநாகம் பூசியதையோ குரோம் பூசியதையோ வெல்டிங் செய்ய வேண்டாம். அந்தப் புகை உடம்புக்குக் கெடுதல், போல்ட்டே போதும்.

ஃபைல் கேபினெட் கிடைத்தது அதிர்ஷ்டம். அவ்வளவு எடை தாங்கும் இழுப்பறையை மரத்தில் செய்வது பெரிய வேலை. கனமானதைக் கீழ் இழுப்பறையில் வையுங்கள், கேபினெட்டைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். மேல் இழுப்பறைகள் இரண்டு ஒரே நேரத்தில் திறந்தால் அது முன்னால் கவிழும். இழுப்பறை ஆழம் அதிகம் என்பதால் உளி, கோல், மூலைமட்டம் எல்லாம் அடியில் குவிந்துவிடும். பேலட் பலகையில் ஆழமில்லாத தட்டுகள் செய்து ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார வைத்தால் அந்த இடம் இரண்டு மடங்கு பயன்படும்.

பேலட் பலகையின் உண்மையான இடம் இதுதான்: தட்டு, பெட்டி, சிறு இழுப்பறை, சுவர் ரேக். ஐரோப்பிய பேலட் ஒன்றின் பலகை 22 மில்லிமீட்டர் பருமன் இருக்கும், இரு பக்கமும் இழைத்தால் பதினேழு பதினெட்டு மிஞ்சும். சுவர் ரேக்குக்கு, ஒரு பலகையை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக இரண்டாகக் கிழியுங்கள். ஒரு பாதியைச் சாய்வு சுவர்ப் பக்கம் பார்க்கும்படி சுவரில் உறுதியாகத் திருகுங்கள். மறுபாதியைக் கருவிப் பலகையின் முதுகில் தலைகீழாக அடியுங்கள். மாட்டினால் தன் எடையாலேயே இறுகிக்கொள்ளும், வேண்டும்போது தூக்கி வேறிடத்தில் மாட்டலாம். இடம் இன்னும் முடிவாகாத புதுப் பட்டறைக்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

அலமாரித் தட்டில் எல்லோரும் பலகையின் பருமனைத்தான் பார்க்கிறார்கள், தாங்கிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பார்ப்பதில்லை. சீராகப் பரவிய எடையில் அந்தத் தூரத்தைப் பாதியாக்கினால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு 60, 75 சென்டிமீட்டருக்கு ஒரு தாங்கி கொடுங்கள். பார்ட்டிகிள் போர்டு (மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) கையில் இருந்தால் அச்சுப் பலகை, தற்காலிக மூடி என்று சில்லறை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடை தாங்கும் இடத்தில் அது தொங்கும், ஈரம் பட்டால் உப்பும், ஸ்க்ரூவை ஒருமுறை கழற்றினால் மறுபடி பிடிக்காது. சென்ட்ரிங் வேலைக்குப் பயன்பட்ட பிளைவுட் நல்ல பொருள். ஒட்டியிருக்கும் சிமென்ட்டைச் சுரண்டிவிட்டு அறுங்கள்.

பழைய ஸ்க்ரூவையும் பிடுங்கிய ஆணியையும் முக்கியமான இணைப்பில் போடாதீர்கள். துருவில் பாதி செத்துப்போன கம்பியை நம்பி நூறு கிலோவை நிறுத்த முடியாது.

கடைசியாகப் பூச்சு. வார்னிஷ் வழுக்கும், பட்டறை மேசைக்கு வேண்டாம். ஆளிவிதை எண்ணெயை இரண்டு கை தடவி, ஊறியதும் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பசை சிந்தினால் பிறகு சுரண்டினாலே வந்துவிடும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகும், சுருட்டிய துணியில் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். துணியை வெளியே ஒற்றையாக விரித்து முழுவதும் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட தகர டப்பாவில் அமுக்கி வையுங்கள்.